நாலு மணிக்கு வேலிக்கு வராத ஆடு

பண்ணைப் பூங்காவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போய் வந்தவர்கள் சொல்லும் பாராட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆடெல்லாம் ஓடி வந்து கையிலயே வாங்கித் தின்னுது." குறை சொன்னாலும் அதே அளவுகோல்தான்: "எல்லாம் ஓரமாப் படுத்துக் கிடக்கு, கூப்பிட்டாலும் வரல." காவிரிப் படுகையில் தோப்பும் வயலுமாகக் கிடந்த இடங்கள் நுழைவுச் சீட்டு வைத்துக் குடும்பங்களைக் கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து இந்த அளவுகோல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காலை பத்து மணிக்கு ஓடி வந்த ஆடு சாயங்காலம் நாலு மணிக்கு வேலிப் பக்கம் திரும்பாமல் நிற்கிறது என்றால், மனுஷ வாடை பழகாததால் அல்ல. காலையிலிருந்து நீண்ட அத்தனை கைக்கும் போய் வந்ததால் நிற்கிறது. நாள் முழுக்க, கடைசிச் சீட்டு கிழிகிற வரைக்கும் எல்லா ஆடும் முண்டியடித்துக்கொண்டு வருகிறதா? அங்கேயும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி கவணையில், அதாவது தீனி போடும் தொட்டியில், என்ன போட்டார்கள், போட்டார்களா என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

ஓடி வருகிறதா இல்லையா என்பதை வைத்துப் பூங்காவை எடை போடக் கூடாது என்பதுதான் என் கட்சி. வேலிக்கு முன்னால் என்ன விற்கிறார்கள், வேலிக்குப் பின்னால் ஆடு ஒதுங்க இடம் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும், பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஒரு கப் குச்சித் தீவனம்

பூங்காக்களில் சுலபமாக விற்கக்கூடியது குச்சித் தீவனம்; தானியமும் பிண்ணாக்கும் அரைத்துச் சிறு குச்சிகளாக அழுத்திய அடர்தீவனம். மூட்டையைப் பிரித்துக் காகிதக் கப்பில் அள்ளிக் கொடுத்தால் முடிந்தது. வாடாது, குப்பை சேராது, குழந்தைக்கும் பிடிக்கச் சுலபம். ஆட்டுக்கோ அதைக் கண்டால் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சிக்கல் முழுக்க அளவில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டியில் 12 வெள்ளாடுகள், ஒவ்வொன்றும் சுமார் 25 கிலோ. இந்த எடையுள்ள ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 300 கிராம் அடர்தீவனம் போதும். அதையும் இரண்டு வேளையாகப் பிரித்து, தழையோ புல்லோ தின்ற வயிற்றில் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கு 250 கிராம் என்று வைத்தால் மொத்தப் பட்டிக்கும் 3 கிலோ. ஒரு கப்புக்கு 100 கிராம் என்றால் 30 கப். அதோடு அன்றைய விற்பனை முடிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 300 பேர் வந்து ஆளுக்கு ஒரு கப் வாங்கினால் 30 கிலோ. சமமாகப் பங்கு போட்டாலும் ஆட்டுக்கு இரண்டரை கிலோ, அதாவது தேவையைப்போல் பத்து மடங்கு. ஆனால் ஆடு சமமாகப் பங்கு போட்டுத் தின்னாது. கொம்புள்ள மூத்த பெட்டையும் கிடாவும் வேலியை விட்டு நகராமல் முக்கால்வாசியைத் தின்றுவிடும். இளங்குட்டியும் நொண்டியும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே பட்டியில் ஒன்று அளவு மீறிச் சாகும், இன்னொன்று மெலிந்து போகும்.

அளவு மீறினால் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற கை தானாக நிற்கும். ஆடு, மாடு தின்பதை முதலில் செரிப்பது அதன் வயிறு அல்ல, வயிற்றில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அசையூண் வயிறு எனப்படும் முதல் வயிற்றில் அவை நாரை மெதுவாக நொதிக்கவைத்து ஆட்டுக்குச் சத்தாக்கித் தருகின்றன. தழையும் புல்லும் தின்கிறவரை அங்கே எல்லாம் நிதானமாக நடக்கும். ஆடு அசை போடும். அசை போடப்போட ஊறுகிற உமிழ்நீர் உள்ளே போய் அமிலத்தைத் தணித்துக்கொண்டே இருக்கும். சோறு, பொங்கல், ரொட்டி, பிஸ்கட், மாவு, அடர்தீவனம் இவை மொத்தமாக உள்ளே போனால் மாவுச்சத்து வேகமாக நொதித்து லாக்டிக் அமிலம் பெருகும். அமிலத்தில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். வயிறு அசைவதை நிறுத்தும். உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். ஆடு முதலில் தீனி எடுக்காது, பல்லை நறநறவென்று கடிக்கும், இடது பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் மேடாகும். பிறகு புளித்த வாடையோடு தண்ணீராகக் கழியும். படுத்தால் எழாது. முற்றினால் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். தைப்பொங்கல் மறுநாள் மாட்டுக்கு அளவில்லாமல் பொங்கலும் பழமும் ஊட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிற வீடுகள் நம் பக்கம் உண்டு. அங்கே வருஷத்துக்கு ஒரு நாள் நடப்பது, கப் கணக்கு வைக்காத பூங்காவில் ஒவ்வொரு ஞாயிறும் நடக்க வாய்ப்பிருக்கிறது.

"தினமும் தின்று பழகின ஆடுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீனிக்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று வாரம் வேண்டும், அதுவும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால்தான். பூங்கா ஆட்டின் வாழ்க்கையோ அப்படி இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை ஆளே இல்லை, சனி ஞாயிறு ஊரே வருகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் வயிற்றைக் கெடுக்கிறது.

தழைக்கட்டு

இதற்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. அமாவாசையிலும் துவாதசியிலும் கோயில் வாசலில் அகத்திக்கீரைக் கட்டு வாங்கிப் பசுவுக்குக் கொடுக்கிற ஊர் இது. அதே கட்டைப் பூங்கா வேலிக்கு முன்னால் விற்றால் போதும். மேலே போட்ட கணக்கையே தழைக்குப் போடுங்கள். 25 கிலோ ஆடு ஒரு நாளில் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ பசுந்தழை தின்னும். அதே 300 பேர், ஆளுக்கு அதே 100 கிராம் கட்டு. மொத்தம் 30 கிலோ, ஆட்டுக்கு இரண்டரை கிலோ. ஒரு நாள் பசுந்தீவனம் சரியாக முடிந்தது. குச்சித் தீவனத்தில் கொல்லும் எண்ணிக்கை தழையில் சாப்பாடாகிறது. பூங்காக்காரர் செய்ய வேண்டியதெல்லாம் அன்றைக்குத் தனியாகப் பசுந்தீவனம் போடாமல் விடுவதும், ராத்திரிக்கு உலர்ந்த கடலைக்கொடியோ உளுந்துக் கொடியோ கவணையில் போடுவதும்தான். அடர்தீவனம் 3 கிலோவைக் காலையும் மாலையும் ஆள் பார்த்து, குட்டிகளுக்குத் தனித் தொட்டியில் பண்ணை ஆளே வைக்க வேண்டும். அது பார்வையாளர் கைக்கே வரக் கூடாது.

தழைக்குப் பஞ்சமும் இல்லை. வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர அகத்தியைத்தான் நட்டிருப்பார்கள்; அதைக் கழித்துவிடும்போது கிடைப்பதே ஏராளம். வேலியில் கல்யாண முருங்கை, கிளுவை; வாய்க்கால் கரையில் பூவரசு; தோப்பில் வேம்பு, பலா. சூபாபுல் கொடுக்கலாம், ஆனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலிருக்கும் மைமோசின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்தால் ஆட்டுக்கு மயிர் உதிரும், உடம்பு இளைக்கும். ஒரே தழையை நாள் முழுக்கக் கொடுப்பதைவிட, இரண்டு மூன்று கலந்து கட்டுவது நல்லது.

கட்டுவதிலும் முறை இருக்கிறது. முதல் நாள் சாயங்காலமே ஒடித்து நிழலில் பரப்பி வைத்தால் காலையில் லேசாக வாடியிருக்கும். பனியிலும் மழையிலும் நனைந்த இளந்தழையை வெறும் வயிற்றில் அள்ளித் தின்றால் உப்புசம் வரும், வாடிய தழையில் அந்தப் பயம் குறைவு. காம்பு ஒரு முழ நீளமாவது இருக்கட்டும், குழந்தையின் விரலுக்கும் ஆட்டின் வாய்க்கும் நடுவே அந்த முழம்தான் பாதுகாப்பு. வாழைநாரில் கட்டுங்கள். தப்பித்தவறி ஆடு நாரோடு தின்றாலும் ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் சுதலியும் ரப்பர் பேண்டும் உள்ளே போனால் வெளியே வராது. அசையூண் வயிற்றிலேயே தங்கி, மற்றதையெல்லாம் சுற்றி உருண்டையாகி வழியை அடைக்கும். மாட்டுக்கு ஆணியும் கம்பியும் இன்னும் கொடுமை. மாடு மெல்லாமல் விழுங்குகிற சுபாவம் உள்ளது. விழுங்கிய கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கி, அங்கிருந்து குத்திக்கொண்டு இதயம்வரை போனதுண்டு. பூங்காவில் புதுக் கொட்டகை போட்ட இடத்தில் மாட்டைக் கட்டுவதற்கு முன்னால் தரையைக் கூட்டிக் கம்பித்துண்டு பொறுக்குவது முக்கியமான வேலை.

குழந்தைகள் வாங்கியது தீர்ந்ததும் பக்கத்தில் இருக்கும் எதையாவது பறித்து நீட்டுவார்கள். அதனால் பட்டியைச் சுற்றி என்ன வளர்கிறது என்று பாருங்கள். அழகுக்காக அரளி வேலி வைத்திருந்தால் அந்தப் பட்டிக்கு முன்னால் குழந்தையைத் தனியாக விடாதீர்கள். அரளி இலை கொஞ்சம் போதும், ஆட்டின் இதயத் துடிப்பு நின்றுவிடும். நம் வாய்க்கால் கரைகளில் புதராக மண்டி ஊதாப் பூ பூக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கும் அப்படித்தான், வேகம்தான் குறைவு. தொடர்ந்து தின்கிற ஆடு நரம்பு பாதித்துத் தள்ளாடும். மேய்ச்சலுக்குப் போகிற ஆடு பெரும்பாலும் அதை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். குழந்தை கையிலிருந்து எதையும் வாங்கிப் பழகிய ஆடு ஒதுக்கும் என்று நம்ப முடியாது.

முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நேரம்

பூங்காவுக்குப் போகிற முழு நாளிலும் ஒரு நிமிஷம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழந்தை தழையை நீட்டுகிறது. ஆடு பார்க்கிறது. வரவில்லை. அல்லது வந்து மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது. குழந்தை அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறது.

இந்த இடத்தில் பெரியவர்கள் செய்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கசக்கிச் சத்தம் காட்டுவார்கள். அல்லது வேலிக்கு மேலே கையை விட்டுக் காதையோ கொம்பையோ பிடித்து இழுப்பார்கள். அல்லது, "இது சரியில்ல, வா அங்க போவோம்" என்று அடுத்த பட்டிக்கு நகர்வார்கள். மூன்றிலும் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: உயிருள்ளது எதுவாக இருந்தாலும் நாம் கேட்டால் வந்தாக வேண்டும். கொட்டில் உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கன்று ஈன்ற பசு கிட்டே விடாது, வெயிலில் மேய்ந்து வந்த ஆடு படுத்தால் எழுப்பக் கூடாது என்பதெல்லாம் கூடவே இருந்து தெரிந்துகொண்டவை. சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் வருகிற பிள்ளைக்கு அதைத் தெரிந்துகொள்ளக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு, ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்த நிமிஷம். அதைப் பிஸ்கட்டால் கெடுத்துவிடக் கூடாது.

அப்போது செய்ய வேண்டியது எளிது. கையைக் கீழே இறக்கிவிட்டுக் குழந்தையோடு குத்துக்காலிட்டு உட்காருங்கள். ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். அதனால் நேர் மேலிருந்து தலைக்கு இறங்குகிற கை அதற்குப் பருந்து மாதிரி. தாடைக்குக் கீழிருந்தோ கழுத்துப் பக்கமிருந்தோ போகிற கையை அது பொறுத்துக்கொள்ளும். உட்கார்ந்தபடி ஆட்டின் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஓர் உருண்டை மேலேறுவதும், வாய் பக்கவாட்டில் அரைப்பதும், மறுபடி உருண்டை கீழிறங்குவதும் தெரியும். அசை போடுகிற ஆடு நலமாக இருக்கிற ஆடு. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அதற்கு இதுதான் வேலை. தரையில் புழுக்கையையும் பாருங்கள். தனித்தனியாக உருண்டையாக இருந்தால் நல்லது. கொத்தாக ஒட்டிக்கொண்டோ சாணிபோலவோ இருந்தால் அந்தப் பட்டியில் தீனி சரியில்லை, அல்லது குடற்புழு இருக்கிறது. படுகையின் ஈரத்தில் நத்தை வழியாகப் பரவும் கல்லீரல் தட்டைப்புழுவும் சேர்ந்துகொள்ளும்.

வந்து வாங்குகிற ஆட்டுக்குக் கொடுக்கும் முறை: காம்பின் நுனியைப் பிடித்துத் தழையைத் தொங்கவிட வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்தாடையின் முன்பக்கம் பல் கிடையாது, தடித்த ஈறுதான். உதட்டாலும் நாக்காலும் இழுத்துத்தான் தின்னும். அதனால் கடிக்கும் என்று குழந்தையைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் கடைவாய்ப் பற்கள் வலுவானவை, விரல் உள்ளே போனால் நசுங்கும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு, அதற்கு விரித்த உள்ளங்கையில் வைத்துத்தான் நீட்ட வேண்டும், கட்டை விரலை ஒட்டிப் பிடித்தபடி. கிடாக்குட்டியின் நெற்றியில் கையை வைத்துத் தள்ளி விளையாட விடாதீர்கள். குட்டியில் விளையாட்டாக இருப்பது ஆறு மாதத்தில் முட்டும் பழக்கமாகும், அடுத்து வருகிற குழந்தை அதற்கு விலை கொடுக்கும். முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது பழைய பழக்கம், விட்டொழிக்க வேண்டியது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்புறத்துக்கு அடியில். அந்தரத்தில் உதறினால் அதன் முதுகெலும்பே முறியும். சிறு பிள்ளைகள் தூக்காமல் தரையில் உட்கார்ந்து தடவுவதே சரி. ஏப்ரல், மே வெயிலில் முயலைத் தொடவே வேண்டாம், 35 டிகிரிக்கு மேல் அது தாங்காது.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் பட்டியில் ஆடு ஒதுங்க இடம் வேண்டும். பார்வையாளர் கை எட்டாத பின்பாதி, அங்கே நிழல், தண்ணீர், ஏறி நிற்க ஒரு மேடை. கொட்டகைக்குள் ஆட்டுக்குப் பத்துப் பதினைந்து சதுர அடி, வெளியே உலாவ அதைப்போல் இரண்டு மடங்கு. நாலு பக்கமும் ஆள் நிற்கும்படி நடுவில் வைத்த பட்டி பார்ப்பதற்கு வசதி, ஆட்டுக்கு அது ஓயாத தொல்லை. படுகை மண்ணுக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மூன்று நாலு அடி உயரத்தில் சட்டம் அடித்த பரண் இல்லாமல் ஐப்பசி கார்த்திகையை ஆடு தாண்டாது. ஈரத்திலேயே நின்றால் குளம்பு அழுகும்.

உம்பளாச்சேரி மாட்டின் பக்கத்தில்

பூங்காவில் உம்பளாச்சேரி மாடு இருந்தால் ஆட்டுப் பட்டியை விட்டுவிட்டு அங்கே நேரம் செலவழிக்கலாம். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் சேற்று வயலுக்கென்றே அமைந்த இனம் அது. கட்டையான உடம்பு, உறுதியான கால், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, குளம்புக்கு மேலே வெள்ளை. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் போல ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும். தாயும் கன்றும் ஒன்றாகக் கட்டியிருந்தால் இந்த நிற வித்தியாசத்தையே குழந்தைகள் வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். கொம்பைத் தீய்த்து வளர்த்ததால் மொட்டை மாடு என்றும் பெயர். பால் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தேறினால் பெரிது. உழவுக்காகவே போற்றி வளர்த்தது, டிராக்டர் வந்த பிறகு குறைந்துபோனது. திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் இந்த இனத்துக்காக அரசுப் பண்ணை இருக்கிறது.

மாட்டுக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, அங்கே அதற்குக் கண் தெரியாது. மாடு பக்கவாட்டில் காலை வீசி உதைக்கும், ஆகவே பின்தொடைக்குப் பக்கத்திலும் இடமில்லை. குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக வருவதுதான் வழி. கன்று உள்ள பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே யாரும் போக வேண்டாம். சில இடங்களில் பால் கறந்து காட்டி, நுரையோடு குடிக்கக் கொடுப்பார்கள். வாங்கிக் காய்ச்சிக் குடியுங்கள். புருசெல்லா போன்ற கிருமிகள் பச்சைப் பால் வழியாக வரும்.

கை கழுவுவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, ஆனால் விடவும் முடியாது. பட்டியை விட்டு வெளியே வந்ததும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 20 விநாடி. பையிலிருக்கும் சானிடைசர் போதாது. சாணம், மண் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமியை அது கொல்லவே கொல்லாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த நோய்கள் கடுமையாக வரும். பட்டிக்குள் தின்பண்டம், பால் புட்டி, விரல் சூப்பல் எதுவும் கூடாது. கர்ப்பிணிகள் குட்டி ஈனுகிற ஆட்டுப் பக்கம் போகவே வேண்டாம். கன்றின் முகத்தில் வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்திருந்தால் அது படர்தாமரை, நமக்கும் ஒட்டும்.

வரப்பும் தோப்பும்

நடைபாதைதான் இந்தப் பூங்காக்களில் அதிகம் பேர் பாதியில் விடுகிற இடம். நேரம் தவறிப் போவதுதான் காரணம். மதியச் சாப்பாடு முடித்துவிட்டு இரண்டு மணிக்கு நடக்கக் கிளம்பினால் அரை கிலோமீட்டரில் குழந்தை அழும். திறக்கும்போதே போய்ச் சேர்ந்து, ஆட்டுக்குக் காலைப் பசியில் தழை கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, பதினோரு மணிக்குள் நடந்து முடிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையோடு ஒரு கிலோமீட்டர் சுற்றுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். போன வழியே திரும்புகிற பாதையைவிடச் சுற்றி வருகிற பாதை மேல்.

எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்துப் பாதையே வேறாக இருக்கும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஆடி ஆவணியில் குறுவைப் பச்சை கண்ணை நிறைக்கும், வாய்க்கால் நிறைய ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் இந்தக் களிமண் வரப்பு, ஓர் அடி அகலத்தில், பெரியவர்களையே வழுக்கிவிடும். காலில் கீறல் புண்ணோடு சேற்றில் நடந்தால் எலிக்காய்ச்சலுக்கும் வழி. தை கடைசியிலிருந்து பங்குனி நடு வரைதான் என் சிபாரிசு. சம்பா அறுப்பு முடிந்து தரை இறுகியிருக்கும், தாளுக்குள் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும், சிந்திய நெல்லுக்கும் நத்தைக்கும் வாத்துக் கூட்டம் இறங்கியிருக்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் எனப்படும் மந்தைக்காரர்கள் செம்மறிகளை ஓட்டிவந்து வயலில் கிடை போடுகிற பருவமும் அதுதான். பக்கத்து வயலில் கிடை இருந்தால் பூங்காக்காரரிடம் கேட்டு, சாயங்காலம் ஆடுகள் அடைகிற நேரம் பாருங்கள். ராத்திரிப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு எருவாகிறது என்பதைக் குழந்தைக்கு அங்கே நேரில் காட்டலாம்.

மூடிய காலணி கட்டாயம். அறுப்புக் காலத்தில் எலிக்காகக் கண்ணாடி விரியன் வயலில் இருக்கும், அசையாமல் கிடக்கும், மிதித்தாலோ கிட்டே போய்ச் சீண்டினாலோ கடிக்கும். பாதைக்கு இரண்டு பக்கமும் மூன்று அடி புல் வெட்டியிருக்கிறதா பாருங்கள். வரப்பிலுள்ள நண்டு வளைக்குள் கை விடக் கூடாது. பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து அடித்த வயலில் ஒரு வாரத்துக்கு நடக்க வேண்டாம், கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள்.

தென்னந்தோப்பு நிழல் என்று பாய் விரிப்பதற்கு முன் மேலே பாருங்கள். நெற்றுக் காய்ந்து மட்டை தொங்குகிற மரம் என்றால் வேறு இடம் தேடுங்கள். ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய் வெட்டிக் குலையைச் சுத்தம் செய்கிற தோப்பில்தான் ஆள் உட்காரலாம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் பிறகு நட்ட கன்றுகள் இப்போது கை எட்டும் உயரத்தில் காய்க்கின்றன, குழந்தைகளுக்கு அந்த இடங்கள் மிக நல்லது. பண்ணைக்குட்டைக்கு வேலி இல்லாவிட்டால், உள்ளே எத்தனை வாத்து நீந்தினாலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். வெட்டிய சரிவு வழுக்கினால் பிடிமானம் கிடையாது.

தழை தீர்ந்த பிறகு

பூங்கா நடத்துகிறவர்கள் என்னிடம் கேட்டால் சொல்வேன்: காலையில் தழையை எடை போட்டுக் கட்டுங்கள், தீர்ந்ததும் "இன்றைக்கு ஆடுகள் சாப்பிட்டாயிற்று" என்று பலகையைத் திருப்பி வையுங்கள். பதினோரு மணிக்குத் தீர்ந்தாலும் வைத்துவிடுங்கள். பிறகு வருகிற குழந்தை ஏமாறும் என்று பயப்பட வேண்டாம், தீனி கொடுப்பதைத் தவிரவும் பண்ணையில் குழந்தை கைக்கு ஏற்ற வேலை இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஊற்றலாம்: கோடையில் 12 ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டராவது வேண்டும், இரண்டு லிட்டர் குவளையில் முப்பது குழந்தைகள் ஊற்றக்கூடிய தண்ணீர் அது. வைக்கோல் பிரித்து மாட்டுக்குக் கவணையில் போடலாம், அடர்தீவனம்போல அது வயிற்றைப் புளிக்கவைக்காது. நாட்டுக்கோழிக் கூட்டில் முட்டை எடுக்கலாம், அடைகாக்கிற கோழியை விட்டுவிட்டு. பரணுக்கு அடியில் சேர்ந்த புழுக்கையைக் கூட்டிக் கூடையில் அள்ளித் தென்னங்கன்றுக் குழியில் கொட்டலாம். பெரிய பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எந்த ஆடு எத்தனை மணிக்கு அசை போட்டது, எது ஒதுங்கி நின்றது என்று எழுதச் சொல்லலாம். அந்த நோட்டை மாலையில் புரட்டினால் எந்த ஆட்டுக்கு மறுநாள் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பது பண்ணைக்காரருக்கே தெரிந்துவிடும். அவசரம் என்றால் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஊர்தி வரும், அந்த எண்ணைப் பட்டிக் கதவிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.